மோட் வெளியிடும் முன்: சிங்கப்பூரிலிருந்து வீடியோ கேம்களை மாற்றியமைப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நகரம் கட்டும் விளையாட்டுக்குள் வீவக அடுக்குமாடிகளைக் கொண்டுவருவது, பேருந்து ஓட்டும் விளையாட்டில் நம் ஊர்ச் சாலைகளைச் சேர்ப்பது, பழைய விளையாட்டு ஒன்றின் உரையாடல்களைத் தமிழாக்குவது என மோட் (வெளிவந்த விளையாட்டு ஒன்றை ரசிகர்களே மாற்றியமைத்துத் தரும் வடிவம்) செய்பவர்களின் உழைப்பு பெரும்பாலும் ஆசையில் பிறக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் பகலில் மென்பொருள் எழுதிவிட்டு இரவில் மோட் எழுதும் பொறியாளர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதன்முதலாகச் சட்டத்தைப் பற்றி யோசிப்பது, அந்நிய நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் மின்னஞ்சல் வந்து சேர்ந்த பிறகுதான். அது மிகவும் தாமதம்.

ஒரு மோட் பிரச்சினையில் சிக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் அதைப் பதிவேற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. யாருடைய கோப்புகளை உள்ளே வைத்தீர்கள், எந்தப் பூட்டை உடைத்தீர்கள், பணம் வாங்கினீர்களா, எந்தப் பெயரில் வெளியிட்டீர்கள் என்ற நான்கும் உங்கள் கையில் இருப்பவை. நல்ல மோட்கள் நீடித்து வாழவேண்டும், குறிப்பாகத் தமிழில் செய்யப்படுபவை, என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் பெயருக்கே கடிதம் வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போகவேண்டும்.

படி 1: விளையாட்டு நிறுவனம் எதை அனுமதிக்கிறது என்று படியுங்கள்

சிங்கப்பூரில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. ஒரு விளையாட்டின் நிரல், படங்கள், இசை, கதை எல்லாமே அதன்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. ‘நியாயமான பயன்பாடு’ என்ற விலக்கு உண்டு. பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்துக்கொண்ட அளவு, மூலத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் நீதிமன்றம் எடைபோடும். பலர் இந்த விலக்கை முன்கூட்டியே கிடைத்த அனுமதிச் சீட்டாக நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள்மீது குற்றச்சாட்டு வந்தபின் நீங்கள் வாதாடி நிரூபிக்கவேண்டிய தற்காப்பு அது. வாதாடுவதற்குப் பணம் வேண்டும்.

அதனால் நடைமுறையில் உங்களைக் காப்பாற்றுவது நிறுவனத்தின் சொந்தக் கொள்கைதான், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மைன்கிராஃப்டில் நீங்களே எழுதிய மோட்களை இலவசமாகப் பகிரலாம், விற்கக்கூடாது. மாற்றியமைத்த முழு விளையாட்டையும் வெளியிடக்கூடாது. சிம்ஸ் 4 விளையாட்டுக்கு 2022இல் வந்த விதிப்படி, பணம் தரும் ஆதரவாளர்களுக்கு மோடைச் சிறிது காலம் முன்னதாகத் தரலாம், ஆனால் பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடவேண்டும். பிளிஸார்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட விதிகள் இன்னும் கடுமையானவை: அதன் கருவிகளால் உருவாக்கப்படும் விளையாட்டு வரைபடங்களின் உரிமையே தனக்குச் சொந்தம் என்று அவை சொல்கின்றன. அதன் வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் மோடாகப் பிறந்த டோட்டா பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் பெரும் வெற்றியாக மாறியதைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட விதி அது.

கொள்கைகள் மாறும். ஜிடிஏ விளையாட்டின் கோப்புகளைத் திறக்க உதவிய ஓப்பன்ஐவி என்ற கருவிக்கு 2017 ஜூனில், ஜிடிஏவை வெளியிடும் டேக்-டூ நிறுவனம் தடைக் கடிதம் அனுப்பியது. ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். தனியாள் விளையாடும், வணிக நோக்கமில்லாத மோட்கள்மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. ஆனால் 2021இல், பழைய ஜிடிஏ விளையாட்டுகளின் நிரலைத் தலைகீழாகப் பிரித்து எழுதிய குழுவின்மீது அதே நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. ஆகவே மோட் தொடங்கும் நாளில் அன்றைய கொள்கைப் பக்கத்தைத் தேதியுடன் சேமித்துவையுங்கள். நல்லெண்ணத்துடன்தான் செய்தீர்கள் என்று காட்ட வேண்டிய நாளில் அது கைகொடுக்கும்.

படி 2: மோடுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். பெரிய நிறுவனங்கள் உங்கள் நிரலைப் பார்த்துக் கோபப்படுவதைவிட, அதற்குள் இருக்கும் மூன்றாமவர் சொத்தைப் பார்த்துக் கோபப்படுவதே அதிகம். ஒரு பட்டியல் எழுதுங்கள்: கோப்பின் பெயர், செய்தவர், எந்த உரிமத்தில் கிடைத்தது. பதில் தெரியாத வரி இருந்தால் அந்தக் கோப்பை நீக்குங்கள்.

விளையாட்டின் மூலக் கோப்புகளை அப்படியே பகிராதீர்கள். மூலத்துக்கும் உங்கள் வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்ட ஒட்டுக் கோப்பைத் தாருங்கள். விளையாட்டை ஏற்கெனவே வாங்கியவர் அதைத் தம் கணினியில் பொருத்திக்கொள்வார். மொழிபெயர்ப்புகளுக்கு இது கட்டாயம். கதை உரையைத் தமிழாக்குவதும் பதிப்புரிமையில் ‘தழுவல்’ என்ற வகையில்தான் வருகிறது. அந்த ஆபத்து முழுவதும் நீங்காது, ஆனால் மூல விளையாட்டையே இலவசமாகக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு எழாது.

தமிழ் எழுத்துருவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. விண்டோஸில் இருக்கும் லதா எழுத்துருவை எடுத்து மோடுக்குள் வைத்துப் பகிர்ந்தால், அது மைக்ரோசாஃப்ட் உங்களுக்குத் தராத உரிமை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றைப் பயன்படுத்துங்கள்; உரிமக் கோப்பையும் உடன் வையுங்கள்.

அடுத்தது திரைப்பாடல். விளையாட்டுக்குள் காரில் போகும்போது ஒலிக்கும் வானொலியில் இளமைக்காலப் பாடல்களைச் சேர்க்க ஆசை வருவது இயல்பு. ஒரு பாடலில் இசை, வரிகள், ஒலிப்பதிவு என்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. அவை வெவ்வேறு கைகளில் இருக்கலாம். பாடலை உள்ளே வைக்காமல், பயனர் தம் கணினியில் வைத்திருக்கும் பாடல்களை ஒலிக்கச் செய்யும் வசதியை மட்டும் எழுதுங்கள். அதே மகிழ்ச்சி கிடைக்கும், பொறுப்பு உங்கள் தலையில் விழாது.

நடிகர்களின் முகத்தைக் கதாபாத்திரத்துக்குப் பொருத்தும் மோட்கள் தமிழ் ரசிகர்களிடையே மிகவும் பிரபலம். தம் பெயரையும் பாணியையும் ஒரு ஹிந்திப் படம் பயன்படுத்தியதை எதிர்த்து நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஆனால் உங்கள் மோட் சென்னையிலும் பதிவிறக்கப்படும். நடிகரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பது இன்னும் மோசம். குரல் அவருடைய பிழைப்பு. அனுமதியின்றி அதை எடுப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்கமாட்டேன்.

பிற மோடர்களின் வேலையையும் இதே மரியாதையுடன் நடத்துங்கள். இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச் சொத்து அல்ல. உரிமம் எதுவும் எழுதப்படாத மோட் என்றால், அனைத்து உரிமைகளும் அதைச் செய்தவருக்கே உரியவை என்று பொருள். கேட்டு எழுதுங்கள், பதிலைச் சேமித்துவையுங்கள். படங்கள், இசை, எழுத்து போன்ற படைப்புகளைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்ற உரிமையை 2021ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்தது. மோடர் சமூகங்களுக்குள் வெடிக்கும் கசப்பான சண்டைகள் பல, பெயர் விடுபட்டதில்தான் தொடங்குகின்றன.

படி 3: எந்தப் பூட்டைத் தொடுகிறீர்கள்?

விளையாட்டு நிறுவனம் நகலெடுப்பைத் தடுக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதும், உடைக்கும் கருவியைக் கொடுப்பதும் பதிப்புரிமை மீறலிலிருந்து தனியான விவகாரம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நிண்டெண்டோ இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதன் ஸ்விட்ச் சாதனத்துக்கான விளையாட்டுகளைக் கணினியில் ஓடச்செய்யும் யூசு மென்பொருளின் குழுமீது 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் யூசு குழு 2.4 மில்லியன் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டு மூடிவிட்டது. சாதனங்களின் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்ற குழுவில் இருந்த கேரி பவுசர் என்பவருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

நிரலைப் பிரித்துப் படிப்பதெல்லாமே குற்றம் என்று பயப்படவேண்டாம். தனித்து எழுதப்பட்ட மென்பொருள் ஒன்று இன்னொன்றுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்காக நிரலைப் பிரிப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் குறுகிய அளவில் அனுமதிக்கிறது. அந்த உரிமையை ஒப்பந்தம் பறிக்கவும் முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் சோனி - டேட்டல் வழக்கில், விளையாட்டு ஓடும்போது நினைவகத்தில் தோன்றும் மதிப்புகளை மட்டும் மாற்றும் மென்பொருள் அங்குள்ள மென்பொருள் சட்டத்தை மீறவில்லை என்று சொன்னது. ஐரோப்பாவுக்கு மட்டுமே பொருந்தும் தீர்ப்பு என்றாலும், சிந்தனை எந்தத் திசையில் போகிறது என்று காட்டுகிறது.

ஆனால் பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டை விட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் தொடுவது வேறொருவரின் சர்வர். அனுமதியின்றி அதற்குள் நுழைந்தால் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்து நிற்கும். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு.

படி 4: பணம்

பணம் வாங்கிய கணத்தில் உங்கள் நிலை மாறிவிடுகிறது. 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த மைக்ரோ ஸ்டார் வழக்கைப் பாருங்கள். டியூக் நியூகெம் விளையாட்டுக்கு ரசிகர்கள் தாங்களே நிலைகளை உருவாக்கி இலவசமாகப் பகிர நிறுவனம் அனுமதித்திருந்தது. மைக்ரோ ஸ்டார் அவற்றில் 300ஐத் திரட்டிக் குறுந்தட்டில் விற்றது, தோற்றது. யூசு வழக்கிலும், ஆதரவாளர்கள் பணம் தரும் தளமான பேட்ரியான் வழியாக வந்த வருமானத்தை நிண்டெண்டோ தன் மனுவில் சுட்டிக்காட்டியது. ஜிடிஏ முதலிய விளையாட்டுகளை மெய்நிகர் கண்ணாடியில் ஆடவைக்கும் மோட்களைப் பேட்ரியானில் தந்த லூக் ராஸ் என்ற மோடருக்கும் 2022இல் டேக்-டூவின் நீக்கக் கோரிக்கை போனது.

சிங்கப்பூரில், தெரிந்தே, வணிக ஆதாயத்துக்காகப் பதிப்புரிமையை மீறினால் அது குற்றவியல் வழக்காகவும் ஆகலாம்: முதல் முறைக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையியல் வழக்கில், நட்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை கோர முடியும்.

நம் வாசகர்களில் பலருக்குப் பொருந்தும் இன்னொன்று உண்டு, அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் வைத்திருப்பவர் அனுமதியில் குறிப்பிட்ட முதலாளிக்கு, குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு மோட் செய்துகொடுப்பது பக்கத் தொழில். மோடுக்காக வந்த சில நூறு வெள்ளி, வேலை அனுமதியையே கேள்விக்குள்ளாக்கும். மாணவர் அனுமதியில் இருப்பவர்களும் தங்கள் நிபந்தனைகளைப் பார்க்கவேண்டும். மென்பொருள் துறையில் வேலை செய்கிறீர்கள் என்றால் வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துப் பிரிவையும் படியுங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒருபோதும் மோட் எழுதாதீர்கள்.

படி 5: உள்ளடக்கத்தை இந்த ஊர்க் கண்ணால் பாருங்கள்

2007 நவம்பரில் மாஸ் எஃபெக்ட் விளையாட்டைச் சிங்கப்பூர் ஒரு காட்சிக்காகத் தடைசெய்து, சில நாட்களில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அனுமதித்தது. அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கான வயது வகைப்பாடு வந்தது. 2008இல் லிட்டில் பிக் பிளானட் விளையாட்டு உலகெங்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதில் ஒலித்த ஒரு பாடலில் திருக்குர்ஆன் வசனங்கள் இருந்தன. சோனி அளவுள்ள நிறுவனமே கவனிக்கத் தவறியது இது. பிள்ளையார் சிலையையோ பள்ளிவாசலையோ சுட்டு உடைக்கும் காட்சி உங்கள் மோடில் இருந்தால், அது இன, சமய உணர்வுகள் தொடர்பான சட்டங்களுக்குள் நேரடியாகப் போய் நிற்கும். இந்த ஊரில் அவை ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டங்கள் அல்ல.

பெற்றோர் கவனிக்கவேண்டியது: ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் பாணியில் அமைக்கப்பட்ட சர்வர்களில் விளையாடி, அந்தக் காட்சிகளைக் கொண்டு பிரசாரக் காணொளிகள் செய்த 16 வயது மாணவர் ஒருவர்மீது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்பாட்டு உத்தரவு பிறப்பிக்கப்பட்டதை 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் அறிவித்தார்கள். பிள்ளை எந்த சர்வரில், யாருடன் சேர்ந்து கட்டுகிறான் என்று கேளுங்கள். கோபமாக அல்ல, ஆர்வமாக.

படி 6: பெயரை வெளியிடும் முன் யோசியுங்கள்

சிங்கப்பூரில் தமிழர் கூட்டம் சிறியது. ஒரு தமிழ்ப் பெயர், ஒரு பள்ளியின் பெயர், ‘பொங்கோலில் இருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். இரண்டு தொலைபேசி அழைப்புகளில் உங்கள் சித்தப்பாவையே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மோட் புகழ்பெற்றால் கவனம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லமுடியாது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் மறைந்திருந்த பாலியல் காட்சியை 2005இல் ஒரு டச்சு மோடர் திறந்துகாட்ட, அது அமெரிக்க அரசியல்வாதிகள் வரை போய் விளையாட்டின் வயது வகைப்பாடே மாறியது.

புனைபெயர் வைத்தால் மட்டும் போதாது. உண்மைப் பெயர் கசியும் இடங்கள் இவை. நிரலைத் தொகுக்கும்போது உருவாகும் கோப்பில் உங்கள் கணினியின் பயனர் பெயர் உட்பட முழுக் கோப்புறைப் பாதையும் பதிந்துவிடும். வெளியிடும் முன் அந்தத் தகவலை நீக்கும்படி தொகுப்பியை அமையுங்கள், அல்லது மோடுக்கென்று தனிப் பயனர் கணக்கில் வேலை செய்யுங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒவ்வொரு பதிவிலும் மின்னஞ்சல் முகவரி ஒட்டிக்கொண்டு போகும். அதை மறைக்கும் வசதியை முதல் நாளே போடுங்கள், ஏனென்றால் பழைய பதிவுகள் தாமாக மாறாது. பேபால் வழியே நன்கொடை வாங்கினால் சட்டப் பெயர் தெரியலாம். கைபேசி எண்ணைக் கொடுத்துப் பேநவ் வழியே வாங்குவது, அந்த எண்ணையே ஊருக்கு அறிவிப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கணக்குப் பாதுகாப்பும் இதில் சேர்த்திதான். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோடர்களின் கணக்குகளுக்குள் புகுந்து தீநிரலைப் பரப்பினார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டவுன்ஃபால் என்ற மோடுக்கு ஸ்டீம் விளையாட்டு விற்பனைத் தளத்தில் இருந்த பக்கம் வழியாகவும் அப்படியே நடந்தது. உங்கள் பெயரில் வரும் கோப்பை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் திறக்கிறார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் எந்த மோட் கணக்கையும் வைத்திருக்காதீர்கள்.

படி 7: நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். பக்கத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறையுங்கள்; கோப்புகளையும் உரையாடல்களையும் கடிதத்தையும் சேமியுங்கள். அனுப்பியவர் உண்மையிலேயே உரிமையாளரின் பிரதிநிதியா என்று நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவரி வழியே சரிபாருங்கள். போலிக் கோரிக்கைகளும் வருகின்றன. ரசிகர்களைத் திரட்டிச் சண்டை போடவேண்டாம். ஓப்பன்ஐவிக்குக் கிடைத்த வெற்றி அரிது. அதற்குப் பின்னால் இருந்த ரசிகர் படையும் எல்லோருக்கும் அமையாது.

பெரும்பாலான தளங்கள் அமெரிக்காவில் இருப்பதால், வருவது டிஎம்சிஏ என்ற அமெரிக்கச் சட்டப்படியான கோரிக்கையாக இருக்கும். நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு அனுப்பினால், நிறுவனம் வழக்குத் தொடுக்காதபட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் மோட் திரும்ப வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் தரவேண்டும். அது அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்றும் எழுதித் தரவேண்டும். தோ பாயோவில் உட்கார்ந்துகொண்டு கலிஃபோர்னியா வழக்குக்குச் சம்மதம் தருகிறீர்கள். நீங்கள் முற்றிலும் சரி என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லாதவரை அதில் கையெழுத்திடாதீர்கள்.

செலவுக்கு அஞ்சுபவர்கள் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். பள்ளி மாணவர் என்றால் அன்றே அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்த கடிதத்துக்கும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

படி 8: ஆட்கள் துரத்தினால்

புதிய பதிப்பு எப்போது என்று நச்சரிப்பவரைத் தடைசெய்துவிட்டு உறங்கப் போகலாம். ஆனால் வசை தொடர்ந்தால், வீட்டு முகவரியோ அலுவலகப் பெயரோ பொதுவில் போடப்பட்டால், அது வேறு கட்டம். சிங்கப்பூரின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. 2020 ஜனவரி 1 முதல், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் அதன்கீழ்க் குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதற்கென்றே 2021 ஜூனில் தனி நீதிமன்றம் திறக்கப்பட்டது. பாதுகாப்பு உத்தரவுக்கு இணையம் வழியே, வழக்கறிஞர் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் விரைவு உத்தரவும் கிடைக்கும்.

ஆதாரம் திரட்டும் முறை முக்கியம். திரைப்பிடிப்பில் தேதி, நேரம், கணக்குப் பெயர், பக்க முகவரி எல்லாம் தெரியவேண்டும். எதிராளி அழிப்பதற்கு முன் எடுங்கள். மிரட்டல் உடலுக்கு என்றால் நேராகக் காவல்துறைக்குப் போங்கள். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இணையத் துன்புறுத்தல் குறித்து உதவ 2023 முதல் ஷிகேர்ஸ் நிலையம் இயங்குகிறது. இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் அமைப்பைக் கூப்பிடுங்கள். மோட் பற்றிய கவலை சிறியது என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

படி 9: விலகும் வழியை முன்பே எழுதிவையுங்கள்

மோட்களைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளம் 2021இல், பதிவேற்றிய கோப்பை ஆசிரியர் இனி முழுமையாக அழிக்கமுடியாது, காப்பகத்தில் இருக்கும் என்று விதியை மாற்றியபோது பல மோடர்கள் வெளியேறினார்கள். ஏற்றியதை இறக்கமுடியுமா என்று ஏற்றும் முன் பாருங்கள்.

மோடின் விவரக் கோப்பில் மூன்று வரிகள் சேருங்கள்: எந்த உரிமத்தில் தருகிறேன், குறிப்பிட்ட காலம் நான் பதிலளிக்காவிட்டால் யார் தொடரலாம், விளையாட்டு நிறுவனம் கேட்டால் எதை நீக்குவேன். தமிழாக்கம் என்றால் மொழிபெயர்த்த உரையை மட்டும் தனிக் கோப்பாக, விளையாட்டுக் கோப்புகள் எதுவும் கலக்காமல், நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.